பள்ளிக்கூடத்துக்கு ஓடு

கிராமத்துப் பள்ளிகளுக்கு உதவுவதற்கென்றே பிறந்த சங்கம் ஒன்று உண்டு. பெயர் கைகொடுப்போர் சங்கம். பெயருக்கு ஏற்ற சங்கம்தான், குறை சொல்லக் கூடாது. யார் போனாலும் எழுந்து நின்று கை கொடுப்பார்கள். தலைவர் கொடுப்பார், செயலாளர் கொடுப்பார், பொருளாளர் கொடுப்பார். அதைப் போட்டோ எடுப்பார்கள். போட்டோ சரியாக விழவில்லை என்றால் மறுபடியும் கொடுப்பார்கள். கை கொடுத்த பிறகு வேறு ஏதாவது கொடுப்பார்களா என்று கேட்பது பேராசை.

ரொம்பச் சின்னச் சங்கம். ஆட்கள் மொத்தமே அந்த மூன்று பேர்தான். ஆனால் குழுக்கள் மட்டும் ஏகப்பட்டது. திட்டக் குழு, ஆய்வுக் குழு, ஆய்வை ஆய்வு செய்யும் குழு. எல்லாவற்றிலும் அதே மூன்று பேர். ஒரு குழுவின் முடிவை இன்னொரு குழு எதிர்க்க வேண்டி வந்தால் எழுந்து நாற்காலி மாறி உட்கார்ந்துகொள்வார்கள்.

இப்படிப்பட்ட சங்கத்திடம் போய் நம்முடைய டீச்சர் மாட்டிக்கொண்டார்.

டீச்சர் என்றால் ஊரில் ஒரே டீச்சர்தான். தலைமையாசிரியரும் அவரே, மணி அடிப்பவரும் அவரே. பள்ளிக்கு இரண்டே அறைகள், மேலே ஓட்டுக் கூரை. ஒரு நாள் அடித்த காற்றில் பக்கத்து மரத்தின் கிளை முறிந்து கூரை மேல் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் உட்காரும் அறைக்கு நேர் மேலே, ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் அளவுக்குத் திறந்துகொண்டது. வெயில் காலத்தில் அதனால் பெரிய தொந்தரவு இல்லை. பிள்ளைகள் அதன் வழியாகக் காக்கை பார்த்தார்கள். மேகம் கூடினால்தான் டீச்சருக்குப் பாடு. பெரிய பிள்ளைகள் அறையிலும் இடம் இல்லை. மணியை அடித்துச் சின்னதுகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்.

அனுப்புவது சுலபம். திரும்பி வரவேண்டுமே! வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஒரு வேலை வந்து சேர்ந்துவிடும். போன மழைக்கு அப்படி அனுப்பியவர்களில் வாலு என்று எல்லோரும் கூப்பிடும் சிறுமி திரும்பி வரவே இல்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி, அதைவிடச் சேட்டைக்காரி. இப்போது ஆடு மேய்க்கிறாள். தினமும் காலையில் டீச்சர் பள்ளிக்குப் போகும்போது மேட்டின் மேல் நின்று "டீச்சர், இன்னிக்கு என்ன பாடம்?" என்று கத்துவாள். டீச்சரும் நடந்துகொண்டே பாடத்தின் பெயரைக் கத்திச் சொல்வார். அதற்கு மேல் நின்று பேச அவருக்கு மனசு தாங்காது.

அடுத்த மழைக்குள் கூரையை மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் எத்தனை வாலுகள் மேட்டில் ஏறப்போகிறார்களோ. கல்வி அலுவலகத்தில் கேட்டார். ஆவன செய்யப்படும் என்றார்கள். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியில்தான் கைகொடுப்போர் சங்கத்துக்குப் போன் போட்டார்.

போனில் ஆள் பேசவில்லை. பதிவு செய்த குரல் பேசியது.

"வணக்கம். பீப் சத்தத்துக்குப் பிறகு உங்கள் தேவையை இரண்டே சொற்களில் சொல்லவும். மூன்றாவது சொல் ஏற்றுக்கொள்ளப்படாது."

இது தலைவர் கொண்டுவந்த இரண்டு சொல் கொள்கை. தேவை உள்ளவர்கள் வளவளவென்று பேசுகிறார்களாம். அந்தக் கொள்கையை விளக்கித் தலைவர் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்குக் கால் மரத்துப்போகும்.

டீச்சர் போனைப் பொத்திக்கொண்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தையல்காரர். மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"கூரை உடைஞ்சிருச்சுன்னு சொல்லட்டுமா?"

"அது தேவை ஆகாதே, புலம்பலாச்சே!"

"ஓடு வேணும்?"

"யாருக்குன்னு கேப்பாங்க. நம்ம வீட்டுக்குன்னு நெனைச்சிட்டா அசிங்கம்."

டீச்சர் யோசித்து யோசித்து வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி போட்டார், மிஷின் சத்தத்தில் பீப் கேட்கவில்லை. மூன்றாம் முறை, வகுப்பில் கடைசி வரிசையை அதட்டும் குரலில் அடிவயிற்றிலிருந்து கத்தினார்:

"பள்ளிக்கூடத்துக்கு ஓடு!"

பீப். முடிந்தது.

பக்கத்து வீட்டில் பொம்மை வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை விடுமுறை என்பதையும் மறந்து பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடியது. டீச்சர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்போதாவது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துச் சங்கத்து வேன் பள்ளி வாசலில் வந்து நின்றது. மூன்று பேரும் இறங்கி வரிசையாகக் கை கொடுத்தார்கள். தலைவருக்கு வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அவரை அவரே மறந்துவிடாமல் இருப்பதற்கோ என்னவோ. செயலாளர் கையில் பெரிய அளவு நாடா. அதைப் பார்த்ததும் டீச்சருக்கு நெஞ்சு குளிர்ந்தது. கூரையை அளக்க வந்திருக்கிறார்களே!

"டீச்சரம்மா, ஓடு எங்க ஆரம்பிக்கணும்?" என்றார் தலைவர்.

"கிழக்கு மூலையில ஆரம்பிச்சா வாட்டமா இருக்கும் சார்."

"எங்க முடிக்கலாம்?"

"மேற்குச் சுவரு வரைக்கும் வந்துட்டா போதும்."

"அவ்வளவுதானா? ரொம்பக் கம்மியா இருக்கே!" தலைவர் முகம் சுருங்கியது. "ஊருக்கு வெளிய இருந்து ஆரம்பிச்சா என்ன?"

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஊருக்கு வெளியிலிருந்தே ஓடு போட்டுக்கொண்டு வருகிறேன் என்கிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு! "அவ்வளவெல்லாம் வேண்டாம் சார். மத்த ஊருக்கும் குடுங்க."

"கேட்டீங்களா?" என்று தலைவர் மற்ற இருவரையும் பார்த்தார். "பங்கு போட்டுக்கச் சொல்றாங்க. மத்த ஊரும் ஓடணுமாம்!"

பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செயலாளர் நாடாவை விரித்தார். பள்ளியின் பக்கம் திரும்பாமல் சாலையை அளந்துகொண்டே போய்விட்டார்.

பிறகு வந்தது விளம்பரம். ஊர் நுழைவில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பேனர். தலைவர் ஓடுகிற மாதிரி படம். கீழே கொட்டை எழுத்தில்: "பள்ளிக்கூடத்துக்கு ஓடு! மாபெரும் விழிப்புணர்வு ஓட்டம்." அதற்கும் கீழே, பொடி எழுத்தில், முழக்கம் தந்தவர் உள்ளூர் டீச்சர் என்று போட்டிருந்தது.

டீச்சர் பேனரைப் பார்த்தார். பேனருக்குப் பின்னால் தூரத்தில் தெரிந்த தன் பள்ளிக் கூரையைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

சங்கத்து அலுவலகம் ஒரு மாடி அறை. சுவர் தெரியாத அளவுக்குப் போட்டோ, எல்லாம் கை கொடுக்கும் போட்டோ. நடுவில் கண்ணாடி மேசை. மூலையில் நினைவுப் பரிசுகள் ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கேடயம், கோப்பை, கண்ணாடிக்குள் அடைத்த மரப்பட்டை. கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு வெண்கலப் புறா முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் யாருக்குக் குடுக்க?" என்று கேட்டார் டீச்சர், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"குடுத்ததுதாம்மா!" என்றார் பொருளாளர் அலுப்போடு. "மேடையில வாங்குவாங்க, பல்லைக் காட்டிப் போட்டோ எடுத்துக்குவாங்க, நாற்காலிக்கு அடியில வெச்சிட்டுப் போயிருவாங்க. யாரு தூக்கிட்டுப் போறா? நாங்கதான் சுமந்துட்டு வரணும். வர வர நாங்களும் விட்டுட்டு வந்துடறோம்."

தலைவர் வந்து கை கொடுத்தார். டீச்சர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"சார், நான் ஓடச் சொல்லல. ஓடு கேட்டேன்."

"ஓடுன்னு கேட்டதாலதானே ஓடறோம்?"

"அந்த ஓடு இல்ல சார். ஓட்டு..."

பொருளாளர் துள்ளி எழுந்தார். "ஓட்டா? இந்தாங்கம்மா, நம்ம சங்கம் அரசியலுக்கு அப்பாற்பட்டது. ஓட்டு கீட்டுன்னு இங்க பேசக் கூடாது!"

"ஐயோ, ஓட்டுக் கூரை சார்! பள்ளிக்கூடத்துல ஓட்டை!"

"ஓட்டம்தானே? ஏற்பாடு பண்ணிட்டோமேம்மா."

டீச்சருக்கு வந்த ஆத்திரத்தில் மேசை மேலிருந்த பேப்பரை எடுத்துக் கூரை போல மடித்துக் கவிழ்த்தார். நடுவில் விரலை விட்டுக் கிழித்தார். குவளையிலிருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினார். தண்ணீர் மேசையில் ஓடித் தலைவர் மடியில் இறங்கியது. அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

தலைவர் கைக்குட்டையால் மடியைத் துடைத்தபடி மெதுவாகச் சொன்னார்:

"நீங்க கேட்டது ஓடாவே இருக்கட்டும்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. ஓடு குடுத்தா என்ன ஆகும்? மேல போய் உக்காந்துக்கும். யார் கண்ணுக்குத் தெரியும்? கீழ இருந்து பாத்தா எது பழைய ஓடு, எது நம்ம ஓடுன்னு சொல்ல முடியுமா? ஓட்டம்னா ஊரே பாக்கும். இன்னொண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஓட்டை இருக்கற பள்ளிக்கூடத்தைக் காட்டினாத்தான் நமக்கு நாலு பேர் குடுப்பாங்க. அடைச்சிட்டா நாங்க எதைக் காட்டறது? உங்க ஓட்டை எங்க சங்கத்துக்கே அஸ்திவாரம்மா!"

செயலாளர் இதைக் கேட்டு உருகிப்போய்க் கை தட்டினார். கை கொடுத்தாயிற்று, கை தட்டியாயிற்று, இப்போது கை விரித்தும் ஆயிற்று. டீச்சர் எழுந்தார். வாசல் வரை போனார். அங்கே கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த வெண்கலப் புறா காலில் இடித்தது.

நின்றார். திரும்பி மூலையில் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டார்.

"ஓட்டத்துக்கு வர்றவங்களுக்கு நினைவுப் பரிசு என்ன சார்?"

"கோப்பைதான். ஏன்?"

"கோப்பை எல்லாரும் குடுக்கறதுதானே சார். எனக்கு ரெண்டே சொல்லு தோணுது, சொல்லவா? ஓட்டத்துக்கு ஓடு."

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஓட்டத்துக்கு... ஓடு! ஐயோ, ஐயோ! ரெண்டே சொல்லு! ஓடி வந்த ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஓடு! தங்கக் கலர் அடிச்சு, நடுவுல..." கொஞ்சம் வெட்கப்பட்டார். "நடுவுல யார் படம் போடலாம்?"

"உங்க படம்தான் சார்," என்றார் டீச்சர், கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

"பெயிண்ட்ல எழுதிடலாம். சுவத்துல மாட்ட வசதியா நடுவுல ஒரு ஓட்டை போட்டு..."

"ஓட்டை மட்டும் வேண்டாம் சார்!" டீச்சர் போட்ட கூச்சலில் புறா உருண்டு கதவு படாரென்று சாத்திக்கொண்டது. "உங்க முகத்துலயா ஓட்டை போடறது? பாக்கவே நல்லாருக்காது."

தலைவர் நெகிழ்ந்துபோய் மறுபடியும் கை கொடுத்தார்.

அன்று வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவர் மிஷினை நிறுத்திவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சரி டீச்சரம்மா, அவங்க விட்டுட்டுப் போகாம வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டா?"

அந்தப் பயம்தான் டீச்சரையும் தின்றுகொண்டிருந்தது.

ஓட்ட நாள் வந்தது. பேனரில் ஓடிய தலைவர் நேரில் வேனில் வந்தார். நகரத்திலிருந்து வந்த விருந்தினர்கள் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு சாலையில் ஓடினார்கள். கொஞ்ச தூரம் ஓடினார்கள், மீதியை நடந்தார்கள், போட்டோக்காரரைப் பார்த்த இடத்தில் மட்டும் மறுபடி ஓடினார்கள். பள்ளிப் பிள்ளைகளைச் சாலை ஓரத்தில் கை தட்ட நிறுத்தியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஓடு என்று ஊரையே கூப்பிட்ட அன்று பள்ளிக்கூடத்தில் மட்டும் ஆள் இல்லை. மரத்துக்கு மரம் ஒலிபெருக்கி. அதில் டீச்சரின் அதே குரல், திரும்பத் திரும்ப: "பள்ளிக்கூடத்துக்கு ஓடு! பள்ளிக்கூடத்துக்கு ஓடு!" தன் குரலே தன்னை விரட்டுவதைக் கேட்டு டீச்சருக்குக் கூசியது.

பள்ளித் திடலில் மேடை போட்டிருந்தார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பிள்ளைங்க ஏன் வெயில்ல நிக்கறாங்க? நாங்கதான் நிக்க வெச்சோம்! கூரை இல்லாத கஷ்டம் என்னன்னு அவங்களுக்குத் தெரியணும். நாங்க உதவி செய்யறவங்க இல்ல. உதவி யாரும் செஞ்சிடலாம். உதவி செய்யணும்ங்கற எண்ணத்தை உண்டாக்கறோம். அந்த எண்ணம் வந்தவங்க எங்க கிட்ட வருவாங்க. நாங்க அவங்களுக்குக் கை கொடுப்போம்!"

பலத்த கைதட்டல். பிறகு ஒவ்வொருவராக மேடையேறி ஓடு வாங்கினார்கள். நல்ல கனமான, சுட்ட ஓடு. ஒரு பக்கம் தங்க வண்ணத்தில் தலைவர் முகம். சிரிப்பில் ஒரு பல் அதிகமாகவே விழுந்திருந்தது. வாங்கியவர்கள் நெஞ்சோடு அணைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் ஓரமாக நின்று ஒவ்வொரு ஓடும் நாற்காலிக்கு அடியில் எப்போது போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று போனது. இன்னொன்றும் போனது. அவருக்கு உயிர் வந்தது.

அந்த நேரம் பார்த்து வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று பேனரைக் கிழித்தது. சடசடவென்று மழை இறங்கியது.

விருந்தினர்கள் பதறினார்கள். தலையை மறைக்க எதுவும் இல்லை. கையில் இருந்தது ஓடு ஒன்றுதான். நாற்காலிக்கு அடியில் போனதுகூட வெளியே வந்தது. எல்லோரும் ஓட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டுக்கு ஓடு தலைவர் சிரித்தார், கீழே ஒரு விருந்தினர் நடுங்கினார்.

"வேனுக்கு ஓடுங்க!" என்று செயலாளர் கத்தினார். வேன் ஊருக்கு வெளியே நின்றது. எல்லோரும் அந்தப் பக்கம் ஓட ஆரம்பித்தார்கள்.

போச்சு! இத்தனை நாள் பட்ட பாடு தலைக்கு மேல் பிடித்தபடியே ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த கணம் டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையில் பாய்ந்தார். மைக்கைப் பிடுங்கினார். மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திய அதே குரல், இந்த முறை நேரடியாகவே வந்தது:

"பள்ளிக்கூடத்துக்கு ஓடு!"

ஒரு காலத்தில் எல்லோரும் ஏதோ ஒரு டீச்சருக்குப் பயந்தவர்கள்தானே. கூட்டம் அப்படியே நின்று, திரும்பி, பள்ளியைப் பார்த்து ஓடி வந்தது. அவர்களுக்குப் பின்னால் மேட்டிலிருந்து இன்னொருத்தியும் ஓடி வந்தாள், ஆடுகளோடு. வாலு.

டீச்சர் வாசலை மறித்து நின்றார். "முண்டாதீங்க! வரிசையா வாங்க! செருப்பை வெளிய விடுங்க! ஓட்டை வெளிய வைங்க!"

மறுபேச்சில்லாமல் செருப்பை விட்டார்கள். ஓட்டைச் சுவரோரமாக அடுக்கி வைத்தார்கள். உள்ளே போய்ப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக நெருக்கியடித்து நின்றார்கள். இடம் போதாமல் தலைவர் மட்டும் அறையின் நடுவில் நிற்க வேண்டியதாயிற்று. மேலிருந்து தண்ணீர் நேராக அவர் உச்சந்தலையில் கொட்டியது. அவர் அண்ணாந்து பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"டீச்சரம்மா!" என்று அலறினார். "ஓட்டை வெளிய வைக்கச் சொன்னீங்க... ஓட்டை உள்ள இருக்கே!"

"ஆமா சார்," என்றார் டீச்சர். "அதைத்தான் சார் அன்னைக்கே சொன்னேன்."

ஒரு ஆடு தலைவர் கழுத்திலிருந்த அடையாள அட்டையை மெல்ல ஆரம்பித்தது. தலைவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை. வாலுவைப் பார்த்துவிட்டார். "யாரு இந்தப் பொண்ணு? முழக்கத்தைக் கேட்டு ஓடி வந்துச்சா? போட்டோக்காரர் எங்க?" வாலுவுக்குக் கை கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, சங்கம் பிறந்த நாள் முதல் அது கொடுத்த கைகளில் அந்த ஒன்றுதான் கொஞ்சம் பொருத்தமாக இருந்தது.

மழை விட்டதும் வேன் வாசலுக்கே வந்தது. அடித்துப் பிடித்து ஏறினார்கள். செருப்பை ஞாபகமாகத் தேடிப் பார்த்து மாட்டிக்கொண்டார்கள். வேன் கிளம்பிக் கொஞ்ச தூரம் போய் நின்றது. செயலாளர் இறங்கித் திரும்பி ஓடி வந்தார். டீச்சர் ஓடுகளை மறைத்து நின்றுகொண்டார்.

"செருப்பு மாறிப்போச்சும்மா," என்று சொல்லி மாற்றிக்கொண்டு ஓடிப்போனார்.

சுவரோரமாகத் தலைவர், தலைவருக்கு மேல் தலைவராக அடுக்கடுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே கொத்தனார் வந்து கூரை மேல் ஏறினார். முதல் ஓட்டைக் கையில் வாங்கியதும் தயங்கினார். "மூஞ்சி மேல வரணுமா, கீழ வரணுமா டீச்சர்? கீழ வெச்சா பிள்ளைங்க பாக்கும்."

"மழை படற பக்கம் வைங்க," என்றார் டீச்சர்.

வாலுவின் அப்பாவைத் தையல்காரர் பேசிச் சரிக்கட்டினார். பள்ளி நேரத்தில் ஆடுகள் பள்ளிக்குப் பின்னாலேயே மேயும் என்று ஏற்பாடு. சங்கத்தின் அந்த ஆண்டு மலரில் வாலுவின் போட்டோ அட்டையிலேயே வந்தது. கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்த மழை பாடத்தின் நடுவில் வந்தது. முதல் இடிக்கே சின்னதுகள் பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றன. டீச்சரின் கையும் பழக்கத்தில் மணியைத் தேடிப் போனது. பாதியில் நின்றது.

"யாரும் போக வேண்டாம். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். மழை கூரை மேல் கொட்டித் தீர்த்தது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாலுதான் கவலையோடு கேட்டாள்.

"டீச்சர், மேல அந்த ஐயா நனையறாரே?"

"நனையட்டும்டி," என்றார் டீச்சர், கரும்பலகைப் பக்கம் திரும்பி. "இத்தனை நாள் எல்லாருக்கும் வெறும் கையைத்தான் குடுத்தாரு. இப்பதான் தலையைக் குடுத்திருக்காரு."